பவுன் ஒன்றில் ஏழு நாள்

மணிமுடி தரித்தோரின் வரலாற்றை நாள்தோறும் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். எந்த மன்னன் எந்த ஆண்டில் அரியணை ஏறினான், எந்தக் களத்தில் எவன் வென்றான், எத்தனை யானை, எத்தனை குதிரை என்பனவெல்லாம் ஏட்டில் இருக்கின்றன. ஆனால் அந்த மன்னன் ஆண்ட மாநகரின் சந்து ஒன்றில், நான்கு குழந்தைகளுக்குத் தாயான ஒருத்தி, வெள்ளிக்கிழமை இரவில் அணைந்துபோன அடுப்பின் அருகே அமர்ந்து, கையில் எஞ்சிய கடைசிக் காசை ரொட்டிக்குத் தருவதா, கரிக்குத் தருவதா என்று கலங்கினாளே, அந்த வரலாறு எந்த ஏட்டில் இருக்கிறது?

ஓர் ஏட்டில் இருக்கிறது. அரண்மனைப் புலவர் எழுதிய ஏடன்று அது. எழுத்துக் கூட்டவும் தடுமாறிய கைகள், வாரந்தோறும் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று கிறுக்கி வைத்த கணக்கேடு. வீரகாவியங்கள் சொல்லாத வீரம் அதில் இருக்கிறது. அதனை இங்கே விரித்துப் பார்ப்போம்.

வறியவன் ஏன் வறியவனாக இருக்கிறான்? இந்தக் கேள்விக்கு வசதி படைத்தோர் நெடுங்காலமாக மூன்று விடைகளை மடியில் முடிந்து வைத்திருந்தனர். அவன் குடிக்கிறான் என்பது முதல் விடை. அவனுக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்பது இரண்டாவது. அவன் மனைவிக்குச் சமைக்கவும் தெரியவில்லை, கணக்குப் பார்க்கவும் தெரியவில்லை என்பது மூன்றாவது. நம் நாட்டார் நான்காவதாக ஒன்றையும் சேர்த்தனர்: தலையெழுத்து! மூன்று விடைகளும் குற்றத்தை ஏழையின் மேல் சுமத்தின. நான்காவது விடை, எவர் மேலும் சுமத்தாமல் தப்பித்துக்கொண்டது.

இந்த விடைகளை வினாவுக்குட்படுத்திய நாடு, அந்நாளில் உலகின் பெருஞ்செல்வ நாடு. கடல்கள் பலவற்றை ஆண்ட பிரிட்டன். அதன் தலைநகர் இலண்டன். கப்பல் கப்பலாகப் பொருள் வந்து குவிந்த துறைமுகம் அது. அந்நகரில் எத்தனை பேர் வறுமையில் வாடுகின்றனர் என்று எண்ணிப் பார்க்க 1886இல் புறப்பட்டார் சார்லஸ் பூத். அவர் புரட்சிக்காரர் அல்லர். கப்பல் வாணிகத்தில் பொருளீட்டிய செல்வர். தெருத்தெருவாகத் தகவல் திரட்டி, செல்வத் தெருவுக்கு ஒரு வண்ணம், வறுமைத் தெருவுக்கு ஒரு வண்ணம் தீட்டி, நகரின் வரைபடத்தையே தந்தார். கூட்டிப் பார்த்தபோது, இலண்டன் மக்களில் 100க்கு 30.7 பேர் வறுமையில் வாழ்ந்தனர் என்று கண்டார்.

தலைநகர் பெரிது, ஆகவே அங்கே வறுமையும் பெரிது என்று சொல்லித் தட்டிக்கழிக்க முயன்றவர்க்கு வாய்ப்பில்லாமற் செய்தார் மற்றொருவர். சாக்லேட் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்த சீபாம் ரௌண்ட்ரீ, 1899இல் யார்க் என்னும் சிறு நகரை வீடு வீடாக ஆராய்ந்து, 1901இல் தம் முடிவை வெளியிட்டார். அங்கும் 100க்கு 27.84 பேர் வறியர்! ஐவர் கொண்ட குடும்பம் உயிரைக் காத்துக்கொள்ள வாரத்திற்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று அவர் கோடு கிழித்தார். அந்தக் கோட்டில் ரயில் பயணத்திற்கு இடமில்லை, செய்தித்தாளுக்கு இடமில்லை, குழந்தைக்கு ஒரு பொம்மைக்கும் இடமில்லை. அத்தகைய கோட்டுக்கும் கீழே, வருவாயே போதாமல் கிடந்தோரின் நிலைக்குக் காரணம் என்ன என்று வகைப்படுத்தினார். குடும்பத் தலைவன் நாள் தவறாமல் வேலைக்குப் போகிறான். ஆனால் கூலி போதவில்லை. கோட்டுக்குக் கீழே கிடந்தோரில் பாதிக்கு மேற்பட்டோரின் நிலைக்கு இதுதான் காரணம்!

சோம்பேறி என்ற சொல் அங்கே சுருண்டு விழுந்தது. ஆனாலும் ஒரு வாய்ப்பு எஞ்சியிருந்தது. "கூலி குறைவுதான், ஆனால் அந்தக் குறைந்த கூலியையும் அவர்கள் திறமையாகச் செலவிடுவதில்லை" என்று சொல்லலாம் அல்லவா? சொன்னார்கள். அதற்கு விடை தந்ததுதான் நாம் குறிப்பிட்ட கணக்கேடு.

இலண்டனில் தேம்ஸ் ஆற்றின் ஒரு கரையில் வெஸ்ட்மின்ஸ்டர். நாடாளுமன்றத்தின் கோபுரங்கள் அங்கே வானளாவி நிற்கும். எதிர்க்கரையில் லாம்பெத். சட்டம் செய்வோரின் மாளிகைக்கும், அந்தச் சட்டத்தால் ஒரு பயனும் காணாதோரின் குடியிருப்புக்கும் இடையே ஓடுவது ஓர் ஆறுதான்! அந்த லாம்பெத்துக்கு 1909இல் பேபியன் பெண்கள் குழுவினர் சென்றனர். பச்சிளங் குழந்தைகள் ஏன் இப்படி மடிகின்றன என்பதை அறிய விரும்பினர். பேறுகாலத்திற்கு முன்னும் பின்னும் தாய்க்குச் சத்துணவு தந்தால் என்ன விளையும் என்று காண விழைந்தனர். வாரந்தோறும் வீடு வீடாகச் சென்றனர். 1913 வரை சென்றனர். அவர்கள் கண்டவற்றை நூலாக்கித் தந்தவர் மாட் பெம்பர் ரீவ்ஸ். 1893இலேயே பெண்களுக்கு வாக்குரிமை பெற்றுத்தந்த நியூசிலாந்துப் போராட்டத்தில் பங்கு கொண்ட பெண்மணி அவர். நூலின் பெயர், ஏறத்தாழ வாரம் ஒரு பவுன் என்ற பொருள் தருவது.

ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். இந்தக் குடும்பங்களின் வாரக் கூலி 18 ஷில்லிங் முதல் 30 ஷில்லிங் வரை. இவர்கள் பிச்சையெடுத்தவர்களோ, வேலையற்றவர்களோ அல்லர். வண்டியோட்டி, வண்ணம் பூசுவோனின் கையாள், கடைச் சிற்றாள் என்று நாள்தோறும் உழைத்தவர்களின் குடும்பங்கள். இவர்களுக்கும் கீழே ஏழைகள் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. குழுவினர், ஒவ்வொரு தாயும் செலவுக் கணக்கு எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டனர். எழுதத் தெரியாத தாய் என்ன செய்வாள்? கணவன் எழுதினான், சில வீடுகளில் பள்ளி செல்லும் மூத்த பிள்ளை எழுதிற்று. எழுத்துப் பிழைகள் ஏராளம். கணக்குப் பிழையைத் தேடியவர்க்குத்தான் ஏமாற்றம்!

கணக்கைப் பார்ப்போம். முதற் செலவு வாடகை. இரண்டு மூன்று அறைகளுக்கு ஆறு, ஏழு, எட்டு ஷில்லிங். ஒரு பவுன் வாங்கும் குடும்பத்தில் மூன்றிலொரு பங்கு வீட்டுக்காரனுக்கே போயிற்று. செல்வர் மாளிகை எத்துணைப் பெரிதாயினும், தம் வருவாயில் இத்தனைப் பங்கை அவர் உறைவிடத்திற்குத் தருவதில்லை. "வாடகை குறைந்த இடத்துக்குப் போகலாமே" என்பீர்கள். போனவர்கள் இருந்தனர். மலிவான அறை என்றால் நிலத்துக்கடியில் உள்ள அறை. ஈரம் கசியும் சுவர். கதிரவன் எட்டிப் பாராத சன்னல். வாடகை குறைந்த அறைகளில் வாழ்ந்த குடும்பங்களே அதிகக் குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தன என்று அந்தப் பெண்கள் கண்டனர். ஆகவே தாயின் முன் இரண்டு வழிகள் இருந்தன. நல்ல அறைக்குக் காசு தந்து குழந்தையின் உணவைக் குறைப்பது ஒன்று; உணவைக் காத்து, குழந்தையை ஈரத்துக்குத் தருவது மற்றொன்று. இதில் எது சிக்கனம், எது ஊதாரித்தனம்? அறிஞர்கள் கூறட்டும்!

அடுத்த செலவு கரி. செல்வர் டன் கணக்கில் வாங்கி நிலவறையில் கொட்டி வைப்பர், விலை மலிவு. ஏழைக்கு வைக்க இடமுமில்லை, மொத்தமாகத் தரப் பணமுமில்லை. ஆகவே சிறு சிறு மூட்டையாக வாங்கினாள்; கூடுதல் விலை தந்து வாங்கினாள். விளக்குக்கும் அடுப்புக்கும் காசு போட்டால் வரும் எரிவாயு. ஒரு பென்னி தீர்ந்தால் சுடரும் தீரும். மலிவாக வாங்குவதற்கு முதலில் பணம் வேண்டும் என்பதைப் பணமில்லாதவர்கள்தாம் நன்கு அறிவர். எந்த நாட்டு நகரமாயினும், எந்த நூற்றாண்டாயினும், சில்லறையாக வாங்குவோர் அதிக விலை தருகின்றனர். சில்லறையாக வாங்குவோர் ஏழைகளாகவே இருக்கின்றனர்.

மூன்றாவது செலவைப் படித்தபோது நாம் ஏட்டை மூடிவைத்துச் சற்று நேரம் வாளா இருந்தோம். அது ஈமச் செலவுக்கான காப்பீடு. ஒரு குழந்தைக்கு வாரம் ஒரு பென்னி, தாய்க்கு இரண்டு, தந்தைக்கு மூன்று. ஆறு குழந்தைகள் உள்ள வீட்டில் வாரம் 11 பென்ஸ். ஆண்டுக்குக் கூட்டினால் 47 ஷில்லிங் 8 பென்ஸ்! இரண்டு வாரக் கூலிக்கும் மேற்பட்ட தொகை, வாழ்வதற்காக அன்று, புதைப்பதற்காகப் போயிற்று. முகவன் வாரந்தோறும் வாயிற்படியில் வந்து நிற்பான். சில வாரம் தவறினால், கட்டியதெல்லாம் போயிற்று.

இதைக் கண்டு சீறினர் சீர்திருத்தச் செல்வர் சிலர். "உயிரோடிருக்கும் குழந்தைக்குப் பால் வாங்க வேண்டிய காசைப் பிணத்துக்குக் கட்டுகிறாளே, இவளன்றோ மூடத்தனத்தின் உருவம்!" என்றனர். நாமும் சடங்குச் செலவைச் சாடுகிறவர்கள்தாம். ஆனால் சாடுவதற்கு முன், அவள் ஏன் அதைச் செய்தாள் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

காப்பீடு இல்லாத வீட்டில் குழந்தை இறந்தால் என்ன செய்வது? அண்டை அயலாரிடம் கடன் வாங்கலாம். பிறகு பல வாரங்கள், உயிரோடிருக்கும் பிள்ளைகளின் ரொட்டியைக் குறைத்து அந்தக் கடனை அடைக்கவேண்டும். கடனும் கிடைக்காவிட்டால்? ஊராட்சியார் பொதுக் குழியில் புதைப்பர். அந்தப் பொதுக் குழியின் மேல் அம்மக்களுக்கு இருந்த அச்சம் வெறும் மூடநம்பிக்கை அன்று. 1832இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அநாதை விடுதியிலும் மருத்துவமனையிலும் இறந்து, உரிமை கோருவார் இல்லாத ஏழைகளின் உடலை அறுவைக் கூடங்களுக்குத் தரலாம் என்றது அச்சட்டம். அதுவரை கொலைக் குற்றவாளிகளின் உடலுக்கு விதிக்கப்பட்டிருந்த ஒன்று, அன்று முதல் வறுமைக் குற்றவாளிக்கும் விதிக்கப்பட்டது! 1834இல் வந்தது புதிய ஏழையர் சட்டம். உதவி வேண்டுமா, குடும்பத்தைப் பிரித்து வைக்கும் உழைப்பு விடுதிக்குள் வா என்றது. இந்த இரண்டு சட்டங்களின் நிழலில் வளர்ந்த பாட்டிமார், அச்சத்தைப் பேத்திகளுக்குச் சீதனமாகத் தந்தனர். வாரம் ஒரு பென்னி என்பது அந்த அச்சத்தின் விலை. மூடத்தனம் என்று ஏசியவர்கள், அந்த அச்சத்தை ஊட்டிய சட்டத்தை ஏசவில்லை.

இவையெல்லாம் போக எஞ்சியதுதான் உணவு. வாடகையைக் குறைக்க முடியாது. வீட்டுக்காரன் வெளியே தள்ளுவான். காப்பீட்டை நிறுத்த முடியாது. கரியைக் குறைத்தால் குளிர் கொல்லும். குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்று: வயிறு. ரொட்டிதான் பெரும்பகுதி. அதன்மேல் சிறிது கொழுப்போ, பழக்குழம்போ தடவித் தந்தனர். உருளைக்கிழங்கு உண்டு. ஞாயிறன்று இறைச்சி, அதில் பெரும்பகுதி தந்தைக்கு. ஆணாதிக்கம் என்று உடனே கூறிவிடலாம். ஆனால் அவன் உடல் தளர்ந்து ஒரு வாரம் படுத்தால் வீடு முழுவதும் பட்டினி என்ற கணக்கும் அதில் இருந்தது. அடுத்து பிள்ளைகள். கடைசியில் தாய். மிச்சமிருந்தால் உண்டாள், இல்லாவிட்டால் தேநீர் பருகினாள். பசும்பால் பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாத பொருள்; டப்பாப் பால்தான். வாழைப்பழம் வந்திறங்கிய மரப்பெட்டி, குழந்தைக்குத் தொட்டிலாயிற்று.

"ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுங்கள், மலிவு, சத்து" என்று அறிவுரை கூறினர் பெரிய மனிதர்கள். அந்தத் தாய்மார் தந்த விடையில் எத்துணைத் தெளிவு! கஞ்சியை அருகிலிருந்து கிளறவேண்டும். காலையில் அதற்கு நேரமில்லை. இருப்பது ஒரே பாத்திரம். முதல் நாள் குழம்பு அடிப்பிடித்த பாத்திரம். அதில் காய்ச்சிய கஞ்சி கமறும். பாலும் சர்க்கரையும் இன்றி அதைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள். பாலும் சர்க்கரையும் வாங்கினால் கஞ்சி மலிவன்று! அறிவுரைக்கு விலையில்லை, அதனால்தான் அது ஏழைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது.

திடீர்ச் செலவு வந்தால்? அதற்கும் வழிகள் வகுத்திருந்தனர். பிள்ளைகளின் காலணிக்கென்று வாரம் சில காசு கட்டும் சீட்டு. துணிக்கென்று தனிச் சீட்டு. மூலைக்கடையில் பற்று. அண்டை வீட்டாரிடம் கைமாற்று. எல்லாம் போதாதபோது, மூன்று பித்தளைப் பந்துகள் தொங்கும் அடகுக்கடை. திங்கட்கிழமை காலையில் கணவனின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை அங்கே போகும். சனிக்கிழமை கூலி வந்ததும் வீடு திரும்பும். மறு திங்களில் மீண்டும் பயணம்!

1872ஆம் ஆண்டின் அடகுக்கடைச் சட்டம், சிறு கடன்களுக்கு 2 ஷில்லிங்குக்கு மாதம் அரைப் பென்னி வட்டி என்று வரையறுத்தது. ஆண்டுக்கு 100க்கு 25 வீதம். ஆனால் ஒரு வாரம் வைத்தாலும் ஒரு மாத வட்டி. சீட்டுக்குத் தனியாக அரைப் பென்னி. இதை நம் வகுப்பில் ஒரு கணக்காகவே கொடுத்தோம். 10 ஷில்லிங்குக்குச் சட்டையை அடகு வைத்து ஒவ்வொரு வாரமும் மீட்டால், ஆண்டு முழுவதும் கட்டும் தொகை எவ்வளவு? வாரம் வட்டி இரண்டரைப் பென்ஸ், சீட்டு அரைப் பென்னி, ஆக மூன்று பென்ஸ். 52 வாரத்துக்கு 13 ஷில்லிங். கடன் பத்து, கட்டணம் பதின்மூன்று, அடுத்த திங்களில் கடன் அப்படியே! விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "இது எத்தனை விழுக்காடு வட்டி?" என்று கேட்டோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "இது வட்டி இல்லீங்க ஐயா, வாடகை. அவங்க சட்டையை அவங்களே வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கிட்டாங்க" என்றாள். வகுப்பு சிரிக்கவில்லை. நாமும் விழுக்காட்டைக் கேட்கவில்லை.

ஏழைகள் தாமே ஒன்றுபட்டு மீள முயன்ற வரலாறும் உண்டு. 1844 டிசம்பரில் ராச்டேல் நகரத் தொழிலாளர் 28 பவுன் மூலதனத்தில் சொந்தக் கடை திறந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவத்தியும் கலப்படமின்றி, சரியான எடையில் விற்றனர். ஆதாயத்தை வாங்கியவர்க்கே பங்கிட்டனர். அந்தச் சிறு கடையின் வழியைப் பின்பற்றித்தான் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904இல் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. போற்றத்தக்க முயற்சி. ஆனால் ராச்டேல் விதிகளில் ஒன்று, கடன் கிடையாது, கைக்காசுக்கே விற்பனை என்பது. நியாயமான விதிதான்; அது இல்லாவிட்டால் கடையே மூழ்கியிருக்கும். எனினும், வெள்ளிக்கிழமை கையில் காசில்லாத லாம்பெத் தாய் அந்தக் கடைப்படியை மிதிக்க இயலாதே! அவளை மூலைக்கடைக்காரனின் பற்றுப் புத்தகம் பிடித்துவைத்திருந்தது. ஒற்றுமைக்கும் ஒரு குறைந்தபட்சக் கூலி தேவைப்படுகிறது.

ஆட்சியாளர் கண் திறக்கவில்லையா என்று கேட்கலாம். திறந்தது, ஒரு போரினால்! 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போருக்கு ஆள் திரட்டியபோது, வந்த இளைஞர் பலர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். குழந்தையாக இருந்தபோது அவர்கள் பசித்ததை நாடு காணவில்லை. துப்பாக்கி தூக்க இயலாதபோதுதான் கண்டது. 1906இல் பள்ளியில் உணவளிக்க நகராட்சிகளுக்கு அனுமதி வந்தது. 1909 சனவரி முதல், 70 வயதைக் கடந்த ஏழை முதியோர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் வந்தது. 1911இல் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம் வந்தது. எனினும் மருத்துவ உதவி உழைப்பவனுக்கே. மனைவிக்கும் குழந்தைக்கும் இல்லை. பேறுகாலத்தில் 30 ஷில்லிங் தந்ததோடு தாயின் நினைவு அச்சட்டத்துக்கு அற்றுப்போயிற்று.

லாம்பெத் கணக்கேடு கேட்டது இதைவிடப் பெரியது. போதிய கூலி வேண்டும். குழந்தையின் வளர்ப்புக்கு நாடே பொறுப்பேற்று உதவித்தொகை தரவேண்டும் என்றது. அறிவுரை வேண்டாம், வருவாய் வேண்டும் என்பதே அதன் சாரம். 1914இல் மூண்ட உலகப்போரின்போது படைவீரரின் மனைவியர்க்கு அரசே நேராகப் பணம் தந்தது. கூலியை எதிர்பார்த்துக் கிடந்த பெண்ணின் கையில் நிலையான தொகை சேர்ந்தால் வீடு எப்படி மாறுகிறது என்பதைக் கண்ட எலினோர் ராத்போன், கால் நூற்றாண்டுக்கு மேல் அதற்காகப் போராடினார். 1945இல் குடும்ப உதவித்தொகைச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அப்போதும் மசோதா, தொகையைத் தந்தைக்கு உரியதாக்கியிருந்தது! ராத்போன் எதிர்த்தார்; மற்றவரும் எதிர்த்தனர்; சட்டம் திருத்தப்பட்டது. 1946 ஆகஸ்டு முதல், இரண்டாவது குழந்தை தொடங்கி ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங் தாயின் கைக்கே வந்தது. அந்த நாளைக் காண ராத்போன் இல்லை. அதே ஆண்டு சனவரியில் மறைந்துவிட்டார். அவ்வாண்டே நிறைவேறிய மற்றொரு சட்டம், இறந்தோரின் ஈமச் செலவுக்கும் அரசு தொகை தரும் என்றது. வாரம் ஒரு பென்னி கட்டிய தாயின் அச்சத்துக்கு, 1832க்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் கடந்து ஒரு விடை கிடைத்தது.

தோழர்களே! சிக்கனத்தை நாம் பழிக்கவில்லை. அந்தத் தாய்மாரினும் சிக்கனம் அறிந்தவர் யார்? ஒரு பென்னியை அவர்கள் எண்ணிய அளவுக்கு எந்த நிதியமைச்சரும் எண்ணியிருக்க மாட்டார். ஆனால் அவர்கள் சிக்கனம், வறுமையை ஒழிக்கவில்லை. வறுமையை வீட்டுக்குள்ளேயே பங்கிட்டது. தந்தைக்குச் சிறிது குறைவு, பிள்ளைக்குச் சற்று அதிகக் குறைவு, தாய்க்கு எல்லாவற்றிலும் அதிகம். அந்தப் பிள்ளைகளிடம் தாம் கண்ட பெருங்குறை, அவர்கள் குறும்பு செய்யாமல் அடங்கி இருந்ததே என்று அங்கே சென்ற பெண்கள் வருந்தினர். எதையும் கேட்டுப் பழகாத பிள்ளை. கேட்டுப் பயனில்லை என்பதைப் பேச்சுக் கற்கும் முன்பே கற்றுக்கொண்ட பிள்ளை.

நம் வகுப்பிலும் அப்படி அடங்கி இருக்கும் பிள்ளைகள் உண்டு. முன்பெல்லாம் "நல்ல பிள்ளை" என்று அவர்களைப் பாராட்டி வந்தோம். அந்தக் கணக்கேட்டைப் படித்த பிறகு, பாராட்டுவதற்கு முன் காலையில் என்ன உண்டாய் என்று கேட்கிறோம்.